எந்த முகம் அடிப்பக்கம்? – கனஅளவு பற்றி வாசகர்கள் கேட்டவை

கேள்வி: கனசதுரம், கனசெவ்வகம், முக்கோணப் பட்டகம் (இரு முனைகளிலும் ஒரே முக்கோணம் உள்ள வடிவம்), உருளை என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சூத்திரம் எழுதி மகள் மனப்பாடம் செய்கிறாள். இரண்டு நாளில் மறந்தும் போகிறது. சுலப வழி உண்டா?

பதில்: நான்கையும் அடித்துவிட்டு ஒரே வரி எழுதச் சொல்லுங்கள்: அடிப்பரப்பு × உயரம். ஏன் என்று புரிந்துவிட்டால் அந்த ஒரு வரியைக்கூட மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அடிப்பரப்பு 12 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 1 கன செ.மீ. கட்டிகளால் 1 செ.மீ. உயரத்துக்கு ஓர் அடுக்கு வைத்தால் அந்த அடுக்கின் கனஅளவு 12 கன செ.மீ. 5 செ.மீ. உயரம் என்றால் ஐந்து அடுக்கு, 60 கன செ.மீ. அடிப்பக்கம் சதுரமோ, முக்கோணமோ, வட்டமோ, கணக்கு இதேதான். வட்டமாக இருந்தால் ஓரத்துக் கட்டிகளை வளைவாக வெட்ட வேண்டியிருக்கும். அடுக்கின் கனஅளவு மாறாது.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. அடிப்பக்கத்துக்கு இணையாக எங்கே வெட்டினாலும் அதே வடிவம், அதே அளவு கிடைக்க வேண்டும். வாய் அகன்ற வாளி, கழுத்து குறுகிய பாட்டில் ஆகியவற்றில் அப்படிக் கிடைக்காது. அங்கே இந்த வரியைப் போட்டால் விடை தப்பாகும்.

கேள்வி: முக்கோண வடிவக் கூடாரம். தரையில் அகலம் 2.4 மீ., சாய்வான இரு பக்கங்களும் 1.5 மீ., நீளம் 3 மீ. எனக்கு 5.4 கன மீட்டர் வருகிறது. விடைப் பக்கத்தில் 3.24. எங்கே தவறு?

பதில்: ½ × 2.4 × 1.5 × 3 என்று போட்டிருக்கிறீர்கள். 1.5 மீ. என்பது துணியின் சாய்வு நீளம். முக்கோணத்தின் பரப்புக்கு வேண்டியது உச்சியிலிருந்து தரைக்குச் செங்குத்தாக இறங்கும் தூரம். தரை அகலத்தில் பாதி 1.2 மீ. பித்தாகரஸ் தேற்றப்படி 1.5² − 1.2² = 2.25 − 1.44 = 0.81, அதன் வர்க்கமூலம் 0.9 மீ. ஆகவே முக்கோணப் பரப்பு ½ × 2.4 × 0.9 = 1.08 சதுர மீ. அதை நீளம் 3 மீட்டரால் பெருக்கினால் 3.24.

இந்தக் கணக்கில் இரண்டு ‘உயரம்’ இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். முக்கோணத்தின் உயரம் ஒன்று, பட்டகத்தின் உயரம் இன்னொன்று. கூடாரம் படுத்திருப்பதால் பட்டகத்தின் உயரம் தரையோடு ஓடுகிறது. அதைத்தான் ‘நீளம்’ என்கிறோம். ‘அடிப்பக்கம்’ என்ற பெயரைப் பார்த்துத் தரையைத் தேடாதீர்கள். ஒரே மாதிரியான இரு முகங்கள் எதிரெதிரே எங்கே நிற்கின்றன என்று பாருங்கள், அவைதான் அடிப்பக்கங்கள்.

நீச்சல் குளத்துக் கணக்கும் இதே வகை. 25 மீ. நீளம், 10 மீ. அகலம், ஆழம் ஒரு முனையில் 1 மீ., தரை சீராகச் சரிந்து மறுமுனையில் 2 மீ. என்றால் அடிப்பக்கம் பக்கச் சுவரின் சரிவகம்: ½ × (1 + 2) × 25 = 37.5 சதுர மீ. அகலம் 10 மீட்டரால் பெருக்க 375 கன மீட்டர், அதாவது 3,75,000 லிட்டர்.

கேள்வி: சாய்ந்து நிற்கும் பட்டகத்துக்கும் இதே சூத்திரமா?

பதில்: ஆமாம், உயரத்தைச் செங்குத்தாக அளந்தால். நாணயங்களை அடுக்கி மெல்லத் தள்ளிச் சாய்த்துப் பாருங்கள். நாணயம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை; மேசையிலிருந்து உச்சி வரையான உயரமும் அப்படியே இருக்கிறது. இத்தாலியக் கணிதவியலாளர் கவாலியேரி 1635இல் வெளியிட்ட நூலில் இருக்கும் கருத்து இதுதான். பக்க விளிம்பு 10 செ.மீ., தளத்தோடு 60 பாகை சாய்ந்திருக்கிறது என்றால் பெருக்க வேண்டியது 10 அல்ல, 8.66.

கேள்வி: உருளைக்கு 22/7 போடுவதா, 3.14 போடுவதா? எது துல்லியம்?

பதில்: இரண்டும் பை (π) என்ற எண்ணின் தோராய மதிப்புகள். 22/7 உண்மை மதிப்பைவிடச் சுமார் 0.04 சதவீதம் அதிகம். 3.14 சுமார் 0.05 சதவீதம் குறைவு. ஆரம் 7, 14, 21 என்று வந்தால் 22/7 சுலபமாக வெட்டுப்படும். மற்றபடி எதையும் போடலாம்.

கவனம் இருக்க வேண்டிய இடம் ஆரம். 20 செ.மீ. ஆரத்தை 2 மி.மீ. கூட்டி அளந்தால் பிழை 1 சதவீதம்தான்; ஆரம் வர்க்கமாவதால் கனஅளவில் அது 2 சதவீதம் ஆகிறது. ஆரத்துக்குப் பதில் விட்டத்தையே போட்டுவிட்டால் விடை நான்கு மடங்கு. மூடிய உருளையில் மையம் எது என்று கண்ணால் குறிக்க முடியாது. ஆகையால் நாடாவைச் சுற்றிச் சுற்றளவை அளந்து 6.283ஆல் (அதாவது 2π) வகுத்துவிடுங்கள். ஆனால் இப்படிக் கிடைப்பது வெளி ஆரம். எவ்வளவு கொள்ளும் என்று அறிய, சுவரின் தடிமனைக் கழித்த பிறகே வர்க்கப்படுத்த வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. சுமார் 3,500 ஆண்டு பழமையான எகிப்தின் ரைண்ட் பாப்பிரஸ் என்ற கணிதச் சுருளில் உருளை வடிவத் தானியக் களஞ்சியக் கணக்கு ஒன்று உண்டு. விட்டம் 9 முழம், உயரம் 10 முழம். விட்டத்தில் ஒன்பதில் ஒரு பங்கைக் கழித்து 8. அதன் வர்க்கம் 64. பத்தால் பெருக்க 640 கன முழம். இன்றைய கணக்குப்படி 636.2. பை என்ற குறியீடே இல்லாத காலத்தில் பிழை 0.6 சதவீதம்தான்!

கேள்வி: குழாயில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க (R − r)² போட்டேன். தவறு என்கிறார்கள்.

பதில்: தவறுதான். வெளி உருளையிலிருந்து உள் உருளையைக் கழிக்க வேண்டும்: π(R² − r²)h (R வெளி ஆரம், r உள் ஆரம், h நீளம்). வெளி ஆரம் 5, உள் ஆரம் 4, நீளம் 100 செ.மீ. எனில் 25 − 16 = 9, ஆக 2,827 கன செ.மீ. உங்கள் வழியில் 314 மட்டுமே வரும். அது 1 செ.மீ. ஆரமுள்ள ஒரு கம்பியின் கனஅளவு.

கேள்வி: படுக்கவைத்த உருளைத் தொட்டி. விட்டம் 120 செ.மீ., நீளம் 200 செ.மீ. குச்சி விட்டுப் பார்த்தால் நீர் 30 செ.மீ. நிற்கிறது. விட்டத்தில் கால் பங்கு, எனவே நீரும் கால் தொட்டிதானே?

பதில்: இல்லை, அதைவிடக் குறைவு. நின்ற உருளையில் நீர் மட்டம் எங்கே இருந்தாலும் அதன் பரப்பு ஒன்றே. படுத்த உருளையில் அடியில் குறுகி, நடுவில் அகன்று, மேலே மறுபடி குறுகுகிறது. ஆகவே நீர் நிற்கும் வட்டத்துண்டின் பரப்பைத் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆரம் 60. மையத்திலிருந்து நீர் மட்டம் வரை 60 − 30 = 30 செ.மீ. 30-ஐ 60-ஆல் வகுக்க 0.5, கோசைன் 0.5 ஆகும் கோணம் 60 பாகை. இரு பக்கமும் சேர்த்து 120 பாகை, அதாவது வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு: 3,770 சதுர செ.மீ. இதில் மையத்துக்கும் நீர் மட்டத்துக்கும் நடுவே உள்ள முக்கோணத்தில் நீர் இல்லை. அதன் பாதி அடி √(60² − 30²) = 51.96, பரப்பு 51.96 × 30 = 1,559. கழித்தால் 2,211 சதுர செ.மீ. நீளம் 200-ஆல் பெருக்க 4,42,200 கன செ.மீ., அதாவது சுமார் 442 லிட்டர். முழுத் தொட்டி 2,262 லிட்டர் கொள்ளும். கால் தொட்டி என்று நினைத்திருந்தால் 565 லிட்டர் என்று எழுதியிருப்பீர்கள். 123 லிட்டர் வித்தியாசம்!

விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு நீர் நின்றால் தொட்டியில் இருப்பது 5.2 சதவீதம், கால் பங்குக்கு 19.6, பாதிக்குச் சரியாக 50, முக்கால் பங்குக்கு 80.4. உங்கள் குச்சியில் இந்த விகிதப்படியே லிட்டர் கோடுகளைக் குறித்துவிடலாம். தொட்டியின் இரு முனைகளும் தட்டையாக இருந்தால்தான் இது பொருந்தும். புடைத்திருந்தால் அந்தப் பகுதியைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

கேள்வி: 3 மீ. நீளம், 2 மீ. அகலம், 10 செ.மீ. தடிமன் உள்ள தளத்துக்கு 60 என்று வந்தது. 60 என்ன?

பதில்: எதுவுமில்லை. மீட்டரும் சென்டிமீட்டரும் கலந்துவிட்டன. 10 செ.மீ. என்பது 0.1 மீ.; விடை 0.6 கன மீட்டர். முழுவதையும் செ.மீ.யில் போட்டு 6,00,000 கன செ.மீ. வந்தால், கன மீட்டராக்க 100-ஆல் வகுக்கக் கூடாது. ஒரு கன மீட்டரில் 100 × 100 × 100, அதாவது பத்து லட்சம் கன செ.மீ. இருக்கிறது.

கேள்வி: ஒரே அளவுள்ள இரண்டு தாள்களை நீளவாட்டிலும் அகலவாட்டிலும் சுருட்டினால் இரு குழல்களும் ஒரே அளவு கொள்ளுமா?

பதில்: ஏ4 தாளில் (21 × 29.7 செ.மீ.) பார்ப்போம். 29.7 சுற்றளவாக, 21 உயரமாகச் சுருட்டினால் சுமார் 1,474 கன செ.மீ. மாற்றிச் சுருட்டினால் 1,042 மட்டுமே. தாளின் பரப்பு ஒன்றுதான், ஆனால் உயரம் ஒரு முறைதான் பெருக்கப்படுகிறது, ஆரம் இரண்டு முறை. குட்டைக் குழல் நெட்டைக் குழலைவிட √2 மடங்கு, அதாவது 1.41 மடங்கு கொள்கிறது.