ஒரே வாரத்தில் ஏரியும் கடலும்: ஃபுளோரிடாவில் தூண்டில் விடுமுறை

கேள்வி: நானும் மனைவியும் சிகாகோ பக்கம் இருக்கிறோம். மார்ச் கடைசி வாரம் பிள்ளைகளுக்கு (12, 8 வயது) ஸ்பிரிங் பிரேக். ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார், வயது 68. தாமிரபரணியிலும் குளத்திலும் தூண்டில் போட்டு வளர்ந்தவர். ஃபுளோரிடா போய் ஏரியில் மீன் பிடிக்க வேண்டும், ஒரு நாளாவது படகு பேசிக் கடலுக்கும் போக வேண்டும் என்பது திட்டம். ஒகிசோபி ஏரி, கீ வெஸ்ட் இரண்டையும் குறித்து வைத்திருக்கிறேன். கடைசி நாள் பிள்ளைகளுக்காக ஆர்லாண்டோ. ஏழு நாள் போதுமா? லைசென்ஸ் யார் யாருக்கு வேண்டும்? பிடித்த மீனைச் சமைக்கலாமா?

பதில்: ஏழு நாள் தாராளமாகப் போதும். ஆனால் கீ வெஸ்ட்டை இந்த முறை விட்டுவிடுங்கள். மியாமியிலிருந்தே அது 160 மைல், பெரும்பகுதி போக ஒரு தடம், வர ஒரு தடம் உள்ள சாலை. ஒகிசோபியிலிருந்து கிளம்பினால் ஒரு பகல் காரிலேயே போய்விடும், திரும்ப இன்னொரு பகல். வயதானவரையும் எட்டு வயதுப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு அந்த அலைச்சல் வேண்டாம்.

ஏரியும் கடலும் சேர்த்துப் போகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஃபோர்ட் பியர்ஸ், ஸ்டுவர்ட் இரண்டு ஊர்களையும் சுற்றியுள்ள கரையோரம்தான். மேற்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் ஒகிசோபி. கிழக்கே அட்லாண்டிக். கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே இந்தியன் ரிவர் என்கிற நீண்ட உப்பங்கழி. ஒரே வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, பெட்டியைக் கட்டாமல் பிரிக்காமல் மூன்று வகைத் தண்ணீரிலும் தூண்டில் போடலாம். இந்தப் பகுதியில் வளைகுடா நீரோட்டம் கரைக்கு நெருக்கமாக ஓடுவதால் ஆழ்கடல் மீனுக்காகப் படகு நெடுந்தூரம் போக வேண்டியதும் இல்லை. ஸ்டுவர்ட் தன்னை உலகின் மயில்மீன் தலைநகரம் என்றே சொல்லிக்கொள்ளும். வெஸ்ட் பாம் பீச்சில் இறங்கி, கடைசியில் ஆர்லாண்டோவில் விமானம் ஏறும்படி டிக்கெட் போட்டால் கார் ஓட்டமும் குறையும்.

இடத்தைவிட முக்கியம் காற்று. மார்ச்சில் ஃபுளோரிடாவின் காற்றைத் தீர்மானிப்பது வடக்கிலிருந்து அடுத்தடுத்து இறங்கும் கோல்ட் ஃபிரண்ட், அதாவது குளிர்காற்றுத் திரள்தான். ஃபிரண்ட் வருவதற்கு முதல் நாள் தெற்கிலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வீசும், வானம் மூட்டமாக இருக்கும், ஏரி மீன் வெறியோடு இரை எடுக்கும். ஃபிரண்ட் கடந்ததும் வானம் கழுவிவிட்ட மாதிரி நீலமாகிவிடும். சுற்றுலா வந்தவர்கள் "ஆகா, என்ன அருமையான நாள்" என்று மகிழ்வார்கள். தூண்டில்காரருக்கு அதுதான் மோசமான நாள். ஏரியில் பாஸ் என்கிற நன்னீர் மீன் புல்லுக்குள் ஒதுங்கி வாயை மூடிக்கொள்ளும். கடலிலோ வாடைக்காற்று தெற்கு நோக்கித் தள்ள, வளைகுடா நீரோட்டம் வடக்கு நோக்கி ஓட, இரண்டும் மோதிச் செங்குத்தான குட்டை அலைகள் எழும். மூன்றடி அலை என்று முன்னறிவிப்பில் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அலைகளுக்கு நடுவே எத்தனை விநாடி இடைவெளி என்பதையும் பாருங்கள். நான்கு விநாடிக்கு ஒரு மூன்றடி அலை வந்தால் அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் அது வேதனை. எட்டு, ஒன்பது விநாடிக்கு ஒன்று வந்தால் தாலாட்டு.

அதனால் வாரத்தை இப்படி அமைப்பேன். கடல் பயணத்தை வாரத்தின் முன்பாதியில் போடுங்கள், திங்கள் அல்லது செவ்வாய். புதன்கிழமையை எதற்கும் ஒதுக்காமல் வெறுமனே வையுங்கள். கடல் கெட்டால் அந்த நாளுக்குத் தள்ளிப் போடலாம். ஏரி நாள் இரண்டு இருக்கட்டும்: ஒன்று வழிகாட்டியோடு படகில், மற்றது கரையிலிருந்து. ஏரி வழிகாட்டியிடம் முன்பதிவு செய்யும்போதே, "கடலுக்குத் தகுந்தபடி ஒரு நாள் முன்னே பின்னே மாற்ற முடியுமா?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடலை வாரக் கடைசிக்குத் தள்ளுகிறவர்கள்தான் பெரும்பாலும் கடலைப் பார்க்காமலே ஊர் திரும்புகிறார்கள். மாற்று நாள் அவர்களிடம் இருக்காது.

இனி கடல் படகு. இரண்டு வகை உண்டு. ஒன்று பார்ட்டி போட். தலைக்கு ஒரு டிக்கெட், கூட்டத்தோடு கூட்டமாகக் கைப்பிடி ஓரம் நின்று அடிமட்ட மீனுக்குத் தூண்டில் இறக்குவது. தூண்டில் கோலும் இரையும் அவர்களே தருவார்கள். மற்றது சார்ட்டர். படகு முழுவதும் உங்களுக்கு, செலவும் பல மடங்கு. சிறிய சார்ட்டர் படகுகளின் கேப்டன்கள் பெரும்பாலும் ஆறு பயணிகள் வரைதான் ஏற்றலாம். நீங்கள் ஐந்து பேர், சரியாகப் பொருந்தும். உங்கள் குடும்பத்துக்கு நான் சார்ட்டரையே சொல்வேன், அதுவும் நான்கு மணி நேர அரைநாள் மட்டும். முழுநாள் வேண்டாம். பிள்ளை வாந்தி எடுத்தால் சார்ட்டரைக் கரைக்குத் திருப்பச் சொல்லலாம். பார்ட்டி போட் உங்களுக்காகத் திரும்பாது.

கேப்டனிடம் பேசும்போது, "மயில்மீன் பிடிக்க வேண்டும்" என்று ஆரம்பிக்காதீர்கள். "பிள்ளைகளும் பெரியவரும் வருகிறார்கள், அவர்கள் கையில் மீன் இழுபட வேண்டும், அலை குறைவான இடம் போதும்" என்று சொல்லுங்கள். நல்ல கேப்டன் உடனே புரிந்துகொள்வார். ஸ்டுவர்ட்டுக்குத் தெற்கே பெக்ஸ் லேக் என்று ஓர் இடம். பெயர்தான் லேக், கரையிலிருந்து கண்ணுக்கெட்டும் கடல் அது. குளிர்காலத்திலும் வசந்தத் தொடக்கத்திலும் ஸ்பானிஷ் மேக்கரல் அங்கே கூட்டமாக வரும். நம் வஞ்சிரத்தின் நெருங்கிய உறவு. எட்டு வயதுப் பிள்ளையும் இழுத்துவிடக்கூடிய அளவு. மார்ச், ஏப்ரலில் கோபியா எனப்படும் கடல் விராலும் இந்தக் கரையைக் கடக்கும். அது சிக்கினால் அப்பாவுக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டியிருக்காது.

படகு எந்த முகத்துவாரம் வழியாக வெளியே போகிறது என்று கட்டாயம் கேளுங்கள். ஸ்டுவர்ட்டின் செயின்ட் லூசி முகத்துவாரம் மணல் திட்டுகள் நிறைந்தது. கொண்டல் காற்று அடிக்கும்போது வற்றுநீர் வெளியே பாய்ந்தால் வாயிலேயே அலை உடையும். ஃபோர்ட் பியர்ஸ் முகத்துவாரம் ஆழமும் அகலமும் உள்ளது, குடும்பத்தோடு போக அதுதான் நிம்மதி. அப்புறம் முன்பணம். வானிலையால் கேப்டன் ரத்து செய்தால் பணம் திரும்பவோ வேறு நாளோ கிடைப்பதுதான் வழக்கம். அவர் போகலாம் என்று சொல்லி நீங்கள் பயந்து நின்றால் பணம் போய்விடும். இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். படகில் 'மேட்' எனப்படும் உதவியாளருக்குப் படகு வாடகையில் 15 முதல் 20 சதவீதம் டிப்ஸ் தருவது அங்கே எழுதாத விதி. அதைப் பட்ஜெட்டிலேயே சேர்த்துவிடுங்கள். தலைசுற்றல் மாத்திரையை முதல் நாள் இரவே போட வேண்டும், படகில் ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை. அப்பா இரத்த அழுத்தம், புராஸ்டேட் போன்றவற்றுக்கு மருந்து எடுப்பவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் அதைக் கொடுக்காதீர்கள்.

அன்று கடல் முற்றிலும் கெட்டுவிட்டால் அதே கேப்டன் உப்பங்கழிக்குள் கூட்டிப் போவாரா என்றும் முன்பே பேசி வையுங்கள். காற்று அடித்தாலும் சதுப்புக் கரையின் மறைவில் தண்ணீர் அடங்கியிருக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இந்தியன் ரிவர் உப்பங்கழியில் ரெட்ஃபிஷ் கிடைத்தால் 2022 செப்டம்பரிலிருந்து திரும்ப விட்டுவிட வேண்டும், எடுத்து வரக் கூடாது.

ஏரிக்கு வருவோம். அப்பாவுக்கான நாள் இதுதான், இங்கே அவசரமே வேண்டாம். ஒகிசோபி சுமார் 730 சதுர மைல். கடல் போல விரிந்து கிடந்தாலும் சராசரி ஆழம் ஒன்பதடிதான். 1928 புயல் வெள்ளத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்த பிறகு ஏரியைச் சுற்றி உயரமான கரை எழுப்பினார்கள். அதனால் சாலையிலிருந்து பார்த்தால் தண்ணீரே தெரியாது. கரைமேல் ஏற வேண்டும். ஆழம் குறைந்த ஏரி என்பதால் காற்று பலமானால் நடு ஏரி சீக்கிரம் கொந்தளித்துவிடும். வழிகாட்டிகள் புல் அடர்ந்த ஓரங்களிலேயே நிற்பார்கள்.

மார்ச்சில் பாஸ் மீன் முட்டையிட ஓரத்துக்கு வருவதால் பெரிய மீனுக்கு ஆசைப்படுவோர் குவிவார்கள். லூர் என்கிற செயற்கை இரையை வீசித் தெரியாதவர்களுக்கு, ஷைனர் என்கிற சிறு மீனை உயிரோடு இரையாகப் போடுவதுதான் சரியான வழி. தக்கையைக் கட்டிப் புல்லோரம் விட்டுவிட்டுக் காத்திருப்பது. அப்பாவுக்குக் கற்றுத்தர எதுவும் இல்லை, தக்கை அமிழும் விதத்தைப் பார்த்தே என்ன மீன் என்று அவர் யோசிக்கத் தொடங்குவார். ஆனால் பாஸை மட்டுமே நம்பி ஒரு நாளைக் கழிக்காதீர்கள். "கிராப்பி, புளூகில் பிடிக்கவும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்" என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். உள்ளங்கை அளவு மீன்தான், ஆனால் விடாமல் இழுக்கும். பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும்.

கரைநாளுக்கு ஒகிசோபி ஊரிலேயே லாக் 7 பூங்கா இருக்கிறது. மண்புழு, வெட்டுக்கிளி, மெல்லிய நரம்பு, சின்ன முள் போதும். முதலை பற்றிப் பயப்பட வேண்டாம், ஆனால் மதித்து நடக்க வேண்டும். தண்ணீருக்குள் காலை வைத்து நிற்கக் கூடாது, மீன் கழிவைக் கரையில் வீசக் கூடாது, பிள்ளைகளை விளிம்பில் தனியே விடக் கூடாது. முதலைக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம்.

லைசென்ஸில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். கடலில் லைசென்ஸ் பெற்ற சார்ட்டர் படகில் போனால் அந்தப் படகின் லைசென்ஸே எல்லோருக்கும் போதும். ஏரியில் அப்படி இல்லை. வழிகாட்டியின் படகில் இருந்தாலும் தூண்டில் பிடிக்கும் ஒவ்வொருவரும் நன்னீர் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். கடற்கரையில் நின்று தூண்டில் போட்டால் தனியாக உப்புநீர் லைசென்ஸ் வேண்டும். வெளிமாநிலத்தவருக்கு ஒவ்வொன்றும் மூன்று நாளைக்கு 17 டாலர், ஏழு நாளைக்கு 30 டாலர், மேலே சிறிது சேவைக் கட்டணம். 16 வயதுக்குக் கீழே உள்ள உங்கள் பிள்ளைகளுக்குத் தேவையில்லை. அப்பாவுக்குத் தேவை. 65 வயதானால் இலவசம் என்று பலரும் சொல்வார்கள், அந்தச் சலுகை ஃபுளோரிடாவில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான். பிடித்து உடனே விடுவதாக இருந்தாலும் லைசென்ஸ் வேண்டும். உங்களுக்கும் அப்பாவுக்கும் ஏழு நாள் நன்னீர் லைசென்ஸ் எடுங்கள், மனைவியும் தூண்டில் பிடிப்பார் என்றால் அவருக்கும் ஒன்று.

சமையலைக் கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் சமைக்கலாம், எதை எடுத்து வருகிறீர்கள் என்பதில்தான் கவனம். பாஸ் மீன் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து, அதில் ஒன்று மட்டுமே 16 அங்குலம் அல்லது அதற்கு மேல் இருக்கலாம். முட்டையிடும் காலம் என்பதால் பாஸை விட்டுவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள். வறுவலுக்குக் கிராப்பியும் புளூகில்லும் அதைவிட நல்ல ருசி. கடலில் களவா மீன் கிடைக்கும் என்று ஆசைப்படாதீர்கள். அட்லாண்டிக் பக்கம் நாம் விரும்பிச் சாப்பிடும் களவா வகைகளுக்கு ஜனவரி முதல் ஏப்ரல் முடியத் தடைக்காலம். பிடிபட்டால் விட்டாக வேண்டும். மற்ற மீன்களின் அளவுக்கு ஃபிஷ் ரூல்ஸ் என்ற ஆப்பைப் போனில் இறக்கி வையுங்கள்.

நம் வீட்டுச் சமையலுக்காக இரண்டு எச்சரிக்கை. வஞ்சிரம் மாதிரியே இருக்கும் கிங் மேக்கரலில் பாதரசம் அதிகம். பிள்ளைகளும், கர்ப்பமாக இருப்பவர்களும், தாய்ப்பால் கொடுப்பவர்களும் அதைத் தவிர்க்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அறிவுரை. ஸ்பானிஷ் மேக்கரல் அந்தப் பட்டியலில் இல்லை. அதேபோல ஊரில் சீலா மீனை ஆசையாகச் சாப்பிட்டிருப்போம். ஃபுளோரிடாவில் பெரிய சீலா வேண்டவே வேண்டாம். பவளப்பாறை மீன்களைத் தின்று வளரும் அதன் உடலில் சிகுவடேரா என்ற நோயைத் தரும் நஞ்சு சேர்ந்திருக்கலாம். வறுத்தாலும் கொதிக்க வைத்தாலும் அது போகாது, மோந்து பார்த்தாலும் தெரியாது.

கரைக்கு வந்ததும் மேட் கண்மூடித் திறப்பதற்குள் மீனைச் சதையாக மட்டும் சீவி, தலையையும் முள்ளையும் பெலிக்கனுக்கு வீசிவிடுவார். குழம்பு வைக்க வேண்டுமென்றால், "செதிலும் குடலும் மட்டும் எடுங்கள், தலையோடு முழுசாக வேண்டும்" என்று படகைக் கரையில் கட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். மசாலாவையும் புளியையும் சிகாகோவிலிருந்தே கொண்டு போங்கள். வாடகை வீட்டில் அடுப்பு இருக்கிறதா, மீன் சமைக்க அனுமதி உண்டா என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். மீதியை உறைய வைத்து விமானத்தில் எடுத்து வரலாம். பாதுகாப்புச் சோதனையின்போது ஐஸ் பேக் கல் மாதிரி உறைந்திருக்க வேண்டும், கசிந்து தண்ணீராக இருந்தால் பிடுங்கிவிடுவார்கள். கடைசி நாள் ஆர்லாண்டோ என்பதால் ஃப்ரீசர் உள்ள ஹோட்டல் அறையாகப் பார்த்து எடுங்கள்.