பூ வைக்க ஆசைப்பட்டால் பக்தி குறைந்துவிடுமா?

கேள்வி: எனக்கு 41 வயது. மதுரை செல்லூரில் இருக்கிறோம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அத்தைக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் சரியாக வராது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் நான்தான். வீட்டுக்காரருக்கு மாசி வீதியில் ஜவுளிக்கடை வேலை, ராத்திரி பத்து மணிக்குத்தான் வருவார். கொழுந்தன் கோயம்புத்தூரில். நாத்தனார் இதே ஊரில் அண்ணா நகரில் இருக்கிறார். போன மாதம் ஒரு வளைகாப்புக்குத் தலைசீவிப் பூ வைத்துக் கிளம்பினேன். "ஆத்தா இப்படிக் கிடக்கையில மதினிக்கு மல்லிகைப்பூ கேக்குதாக்கும்" என்றார், நாலு பேர் முன்னால். அன்றைக்கு எடுத்த பூவை இன்னும் வைக்கவில்லை. விளக்குப் பூஜைக்கு வருகிறவர்களோ, "உனக்கு எதுக்குடி முகத்தழகு, மனசு அழகு போதும், நீ தெய்வம்" என்கிறார்கள். அந்த மனசுக்குள் எவ்வளவு கோபம் இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை ணங்கென்று வைத்துவிட்டேன். அத்தை பார்த்த பார்வை கண்ணிலேயே நிற்கிறது. தன்னலமில்லாத அன்பு எனக்கு வரவில்லையா? மீனாட்சியை தினம் கும்பிடுகிறேனே, என் பக்தி பொய்யா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே கொடுத்திருக்கிறோம். விட்டுப்போன ஒரு பகுதியை வாசகர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். இட்லியை ரசத்தில் எவ்வளவு கரைத்தால் அத்தைக்குத் தொண்டையில் இறங்கும், செயலிழந்த வலது கன்னத்தில் சோறு தங்கிவிட்டால் விரலில் ஈரத்துணி சுற்றி எப்படி எடுக்க வேண்டும், வெந்நீரை உங்கள் மணிக்கட்டில் விட்டுப் பார்த்துவிட்டு அவர் முதுகில் எப்படி ஊற்றுவீர்கள் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். தலைவாரும்போது அவர் இடக்கையைத் தூக்கி உங்கள் கன்னத்தைத் தடவுவாராம். இதையெல்லாம் எழுதியவர் "எனக்கு அன்பு வரவில்லையா" என்று கேட்கிறார்! அந்த ஒரு பக்கத்தைப் படித்த எனக்கு, உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று தெரியாமலேயே, இவர் எவ்வளவு அழகான மனுஷி என்று தோன்றியது.

இப்போது அந்தக் கோபத்துக்கு வருவோம். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கைப்புண் வந்துவிடும். உங்கள் அத்தைக்கு இதுவரை ஒரு புண்கூட வந்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் இந்த இரண்டு வருஷமாக நீங்கள் ஒரு இரவுகூட முழுசாகத் தூங்கவில்லை. தூக்கமில்லாத உடம்புக்குக் கோபம் வரும். அதைப் பக்தியோடு முடிச்சுப் போடாதீர்கள். கடிதத்தை நிதானமாகப் படித்தால், அந்தக் கோபம் அத்தைமேல் இல்லை, வராதவர்கள்மேல் என்பதும் தெரிகிறது. அவர்கள் எதிரில் இல்லாததால் தட்டு அத்தை முன்னால் சத்தம் போட்டது. அன்றைக்கே அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதும் விட்டீர்கள். அவர் மன்னித்திருப்பார், நீங்களும் உங்களை மன்னித்துவிடுங்கள்.

தன்னலமில்லாத அன்பு என்றால் ஒற்றை ஆளாக எல்லாவற்றையும் சுமந்துவிட்டு வாய் திறக்காமல் இருப்பது என்று யாரோ உங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். நம் ஊர்ச் சாமி கதையில் அப்படி இல்லை. வந்தியை நினைத்துப் பாருங்கள். வைகையில் வெள்ளம் வந்து கரை உடைகிறது, வீட்டுக்கு இவ்வளவு என்று அடைக்கச் சொல்லிப் பாண்டியன் பங்கு பிரித்துவிடுகிறான். பிட்டு விற்றுப் பிழைக்கும் கிழவிக்குப் பிள்ளையில்லை, உறவில்லை. "பக்தியுள்ளவள் நான், என் பங்கை நானே சுமந்து செத்துப்போகிறேன்" என்று அவள் கூடையைத் தூக்கவில்லை. "எனக்கு ஆள் இல்லையே" என்று சொக்கநாதரிடம் முறையிட்டாள். ஆள் வந்தது, அந்தச் சொக்கநாதரே கூலியாளாக. வேலைக்குக் கூலி உண்டு என்று உதிர்ந்த பிட்டையும் கொடுத்தாள். இன்றைக்கும் ஆவணி மூலத் திருவிழாவில் மீனாட்சியும் சொக்கரும் கோயிலை விட்டுப் புறப்பட்டுப் பிட்டுத்தோப்புக்குப் போவது, உதவி கேட்ட அந்தக் கிழவிக்காகத்தான். செல்லூரில் இருக்கும் உங்களுக்கு வைகையைத் தாண்டினால் ஆரப்பாளையம், பிட்டுத்தோப்பு அங்கேதான். உதவி கேட்டதால் வந்தியின் பக்தி ஒரு குன்றிமணி அளவாவது குறைந்ததா?

"நீ தெய்வம்" என்கிறார்களே, அந்தப் பேச்சில் எனக்கு வருத்தம் உண்டு. காரைக்கால் அம்மையார் கதையைப் பெரிய புராணத்தில் படித்தபோதெல்லாம் என்னை உறுத்திய இடம் ஒன்று உண்டு. இறைவனை வேண்டியதும் அவர் கையில் மாங்கனி வந்த அதிசயத்தைப் பார்த்த கணவன் பரமதத்தன், மனைவி தெய்வம் என்று முடிவு கட்டுகிறான். அடுத்து அவன் செய்தது என்ன? கப்பலேறிப் போய்விட்டான். பிறகு நம் பாண்டி நாட்டுத் துறைமுக ஊர் ஒன்றில் இன்னொருத்தியைக் கட்டிக் குடித்தனம் நடத்தினான். தேடி வந்த அம்மையாரின் காலில் விழுந்து வணங்கினான், கூட வாழ மட்டும் வரவில்லை. பெண்ணைத் தெய்வம் என்று சொல்லிவிட்டால் அவளுக்குச் செய்ய வேண்டியது எதுவும் மிச்சமில்லை என்று ஆகிவிடுகிறது. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறவர்களில் ஒருவராவது ஒரு மதிய நேரம் வந்து அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரா? அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. கேட்டுப் பாருங்கள், ஒருவராவது வருவார்.

அந்த அம்மையார் தம் அழகை உதறிப் பேய் வடிவம் கேட்டதும் உண்மைதான். ஆனால் அது அவரே இறைவனிடம் வேண்டிப் பெற்றது. நாலு பேர் முன்னால் யாரோ குத்திப் பேசியதற்காக அவர் அழகைத் துறக்கவில்லை. நீங்கள் பூவை எடுத்தது பயத்தில், வெட்கத்தில். இரண்டும் ஒன்றாகாது. நீங்கள் கும்பிடும் மீனாட்சி நாள்தோறும் பூவும் பட்டும் நகையுமாக அலங்காரத்தில்தான் காட்சி தருகிறாள். அலங்காரம் அவளுடைய அருளைக் குறைத்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. மதுரையில் பிறந்த பெண்ணுக்கு மல்லிகை ஆசை இருப்பதில் என்ன குற்றம்? வளைகாப்பு வீட்டில் நாத்தனார் பேசிய பேச்சு தவறு. அம்மாவைப் பார்த்துக்கொள்ளாத குற்ற உணர்ச்சிகூட அவரை அப்படிப் பேச வைத்திருக்கலாம். அதற்காக நீங்கள் வெறுந்தலையோடு இருக்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் வீட்டுக்காரரிடம் பேசுங்கள், ராத்திரி பத்து மணிக்கு அவர் களைத்து வரும்போது வேண்டாம், கடை விடுமுறை நாளில். தாயைப் பார்த்துக்கொள்ளும் கடமை பெற்ற பிள்ளைகளுக்குத்தான் முதலில். பெற்றோர் பராமரிப்புக்காக 2007-இல் வந்த சட்டம் மகனையும் மகளையும் ஒரே வரிசையில்தான் நிறுத்துகிறது, பிள்ளைகள் என்று அது சொல்லும் பட்டியலில் மருமகள் இல்லவே இல்லை. கோர்ட்டு, வழக்கு என்று போகச் சொல்லவில்லை. கடமை யாருடையது என்பது உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தால் பேசும்போது குரல் நடுங்காது.

பிறகு நாத்தனாரைக் கூப்பிடுங்கள். வளைகாப்புப் பேச்சை எடுக்காதீர்கள், எடுத்தால் சண்டை அதிலேயே முடிந்துவிடும். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலிலிருந்து எட்டு வரை அத்தைகிட்ட நீங்க இருக்கணும், நான் கோயிலுக்குப் போகணும்" என்று நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள். "முடிஞ்சா வாங்க" என்றால் யாரும் வரமாட்டார்கள். வந்தால் இட்லி கரைப்பதையும் கன்னத்தில் பார்ப்பதையும் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுங்கள். முதல் தடவை அவர் திணறத்தான் செய்வார். பொறுத்துக்கொள்ளுங்கள், நீங்களும் அப்படித்தானே கற்றிருப்பீர்கள். கோயம்புத்தூர்க் கொழுந்தன் வந்து போக முடியாதவர் என்றால் பணமாகத் தரட்டும். இரவுக்கு மட்டும் ஓர் ஆள் வைத்துக்கொண்டு செலவை மூன்று பிள்ளைகளும் பிரித்துக்கொள்ளலாம்.

அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-இல் தொடங்கியது. படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருவதும் அதில் உண்டு. உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் அத்தையின் பெயரைப் பதிவு செய்யுங்கள். முதியோர் உதவி எண் 14567, கட்டணம் கிடையாது.

நாத்தனார் முடியாது என்று சொல்லிவிட்டால், என்ன காரணம் சொன்னார் என்பதோடு மறுபடி எழுதுங்கள். அடுத்து யாரை நடுவில் வைத்துப் பேசலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.