ஸ்டார்டியூ வேலியில் சேரும் கற்களை விற்கலாமா, வைத்திருக்கலாமா?

ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய வீடியோ கேம் பற்றி வந்த கேள்வி இது: "ஸ்டார்டியூ வேலியில் முதல் வருட இலையுதிர்காலத்துக்கு வந்துவிட்டேன். சுரங்கத்தில் பொறுக்கிய கற்கள் ஒரு பெட்டி நிறையக் கிடக்கின்றன. எதை விற்கலாம், எதை வைத்துக்கொள்ள வேண்டும்? வைரம் ஒன்றுதான் உருப்படியானது என்று நண்பன் சொல்கிறான், அப்படியா?"

உங்கள் நண்பன் சொல்வது பாதிதான் சரி. ஒரே ஒரு வகைக் கல்லைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது கட்டாயப்படுத்தினால், 750 கோல்டு போகும் வைரத்தை விட்டுவிட்டு 200 கோல்டு போகும் ஜேட் என்ற பச்சைக் கல்லைத்தான் நான் எடுப்பேன். இந்த விளையாட்டில் கல்லின் விலைக்கும் அதன் உபயோகத்துக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. விற்பனைப் பெட்டி காட்டும் விலையைப் பார்த்து முடிவு செய்தால், அநேகமாக நல்லதை விற்றுவிட்டு உதவாததைச் சேர்த்து வைப்பீர்கள்.

முதலில் கணக்கு. மொத்தம் 53 கனிமங்கள். சுரங்கத் தரையிலும் பாறையிலும் நேரடியாகக் கிடைப்பவை 12: குவார்ட்ஸ், எர்த் கிரிஸ்டல், ஃப்ரோசன் டியர், ஃபயர் குவார்ட்ஸ் என்று நான்கு, அப்புறம் வைரம், மரகதம், மாணிக்கம் முதலான ரத்தினங்கள் எட்டு. மீதி 41, ஜியோடு எனப்படும் உருண்டைக் கற்களை உடைத்தால் உள்ளிருந்து வருபவை. ஊர் மியூசியத்தைப் பார்த்துக்கொள்ளும் குந்தர் இந்த 53 கனிமங்களோடு 42 தொல்பொருள்களையும் சேர்த்து 95 பொருள்கள் கேட்பார். 60 கொடுத்தால் சாக்கடைக்குள் போகும் துருப்பிடித்த சாவி கிடைக்கும். 95-ம் முடிந்தால் ஸ்டார்டிராப் பழம், அதைச் சாப்பிட்டால் உங்கள் எனர்ஜி நிரந்தரமாக 34 கூடும். ஆகவே எந்தக் கல்லாக இருந்தாலும் முதல் பிரதி குந்தருக்கு. இதற்கு ஒரே விதிவிலக்கு பிரிஸ்மாட்டிக் ஷார்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

மேலே சொன்ன முதல் நான்கிலும் இரண்டாவது பிரதியையும் எடுத்து வையுங்கள். ஊரின் பாழடைந்த கம்யூனிட்டி சென்டரைச் சீராக்க, அறைக்கு அறை பண்டில் என்ற பொருள் தொகுப்புகளைக் கொடுக்க வேண்டும். அதன் பாய்லர் அறையில் ஜியாலஜிஸ்ட் பண்டில் கேட்பது அந்த நான்கைத்தான். கொடுத்தால் ஐந்து ஆம்னி ஜியோடு கைக்கு வரும், அறை முழுவதையும் முடித்தால் சுரங்க வண்டிகள் ஓட ஆரம்பிக்கும்.

இனி ஜியோடு. ஊர்க் கொல்லர் கிளிண்ட் ஒன்றை உடைக்க 25 கோல்டு வாங்குவார். சுரங்கத்தின் மேல் பகுதியில் சாதாரண ஜியோடு, 40-ம் தளம் தாண்டினால் ஃப்ரோசன் ஜியோடு, 80 தாண்டினால் மேக்மா ஜியோடு. ஆம்னி ஜியோடுக்குள் எல்லா வகையும் வரலாம் என்பதால் அதுதான் உயர்ந்தது என்று பலரும் மற்றவற்றைக் கண்டுகொள்வதில்லை. சேகரிப்பை முடிக்க நினைப்பவருக்கு இது நேர் எதிர். சாதாரண ஜியோடுக்குள் 15 கனிமங்கள், ஃப்ரோசனில் 14, மேக்மாவில் 12. உங்களுக்கு சோப்ஸ்டோன் மட்டும் குறைகிறது என்று வையுங்கள். அது ஃப்ரோசன் ஜியோடுக்குள் இருப்பது. பதினான்கில் ஒன்றாகத் தேடுவதா, நாற்பத்தொன்றில் ஒன்றாகத் தேடுவதா? லிப்டில் 40-ம் தளத்துக்குப் போய் ஒரு நாள் பாறை உடைத்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆம்னி ஜியோடுகளில் மூன்றை எப்போதும் தனியாக வைத்திருங்கள். பாலைவன வியாபாரி அந்த மூன்றுக்கு, நொடியில் பாலைவனத்துக்குக் கொண்டுபோகும் டெசர்ட் வார்ப் டோட்டம் ஒன்று தருவார்.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாது. ஜியோடுக்குள் என்ன வரும் என்பது கிளிண்ட் சுத்தியலைத் தூக்கும்போது முடிவாவதில்லை. உங்கள் சேவ் ஃபைலின் எண்ணும், இதுவரை நீங்கள் உடைத்த ஜியோடுகளின் எண்ணிக்கையும் சேர்ந்து அதை முன்பே தீர்மானித்துவிடுகின்றன. பத்து ஜியோடை உடைத்து, வந்தது பிடிக்காமல் சேவ் செய்யாமல் வெளியேறி, அதே வரிசையில் திரும்ப உடைத்தால் அதே பத்துதான் வரும். ஜியோடு வகையை மாற்றினால் வருவதும் மாறும். இதை வைத்து முன்கூட்டியே பட்டியல் போட்டுக் காட்டும் கருவிகள்கூட இருக்கின்றன. எனக்கு அதில் ஆர்வமில்லை. உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் கிளிண்ட் கடைக்குப் போவதில்தான் பாதி சுகம்.

ஜியோடு கற்களில் முதல் பிரதியை மியூசியத்துக்குக் கொடுத்தபின் மிச்சத்தைத் தயங்காமல் விற்றுவிடுங்கள். ஸ்டார் ஷார்ட்ஸ் 500, ஹெல்வைட் 450, நெப்டியூனைட் 400 என்று நல்ல காசு. லைம்ஸ்டோன் 15-தான், உடைக்கக் கொடுத்த கூலிகூடத் தேறாது. அப்சிடியனை மட்டும் ஒன்றிரண்டு வைத்திருங்கள், ஊர்க்காரர்களில் ஒருவனான செபாஸ்டியனுக்குப் பிடித்த பரிசு.

இந்த 41-ஐப் பற்றி ஒரு சின்ன முறையீடு எனக்கு உண்டு. கனிமம் என்ற பெயரில் கிரானைட், மார்பிள், மணற்கல், பசால்ட் எல்லாம் உள்ளே இருக்கின்றன. இவை பல கனிமங்கள் சேர்ந்தோ உருமாறியோ உண்டான பாறைகள். அப்சிடியன் எரிமலைக் கண்ணாடி, அதைப் பாடப்புத்தகக் கணக்கில் கனிமம் என்று சொல்ல மாட்டார்கள். பெட்ரிஃபைடு ஸ்லைம் பற்றிப் பேச்சே வேண்டாம். ஆனால் நெப்டியூனைட், ஜாம்போரைட், நெகோயிட், ஈரினைட் எல்லாம் நிஜமாகவே உலகத்தில் இருக்கும் கனிமங்கள் என்று பிறகு தேடிப் பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது. சோப்ஸ்டோன் என்பது நம் வீட்டுக் கல்சட்டி செய்யும் மாக்கல்தான். ஆர்பிமென்ட் ஆர்சனிக் கலந்த மஞ்சள் கல், சித்த மருத்துவத்தில் சுத்தி செய்து சேர்க்கும் தாளகம். விளையாட்டிலும் அதன் குறிப்பைப் படித்துப் பாருங்கள்: நச்சுத்தன்மை அதிகம், இருந்தும் நாட்டு மருந்தில் பயன்படுகிறது என்றுதான் போட்டிருக்கும். எரிக் பரோன் இந்த விளையாட்டைத் தனி ஆளாக உருவாக்கி 2016-ல் வெளியிட்டவர். 80 கோல்டு கல்லுக்கும் இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்.

சரி, விற்கக் கூடாதவற்றுக்கு வருவோம்.

குவார்ட்ஸ் 25 கோல்டு, யாரும் மதிப்பதில்லை. அதை உலையில் போட்டால் ரிஃபைண்டு குவார்ட்ஸ் ஆகும். ஒரு இரும்புக் கட்டி, ஒரு தங்கக் கட்டி, ஒரு ரிஃபைண்டு குவார்ட்ஸ் இருந்தால் ஒரு குவாலிட்டி ஸ்பிரிங்க்ளர். அது தினமும் எட்டுக் கட்டத்துக்குத் தானே தண்ணீர் விடும். முதல் வருடத்தில் காலை நேரம் முழுக்க பூவாளியோடு கழிகிறது என்றால், அந்த நேரத்தை உங்களுக்கு மீட்டுத் தருவது இந்த அற்பக் கல்தான். ஃபயர் குவார்ட்ஸ் ஒன்றை உருக்கினால் மூன்று கிடைக்கும். எர்த் கிரிஸ்டல் ஒன்று மயோனைஸ் இயந்திரத்துக்கு வேண்டும், கோழி வளர்ப்பதாக இருந்தால்.

ஜேடுக்கு வருவோம். 40 முதல் 79 வரையுள்ள பனித் தளங்களில் பச்சைக் கல் முண்டுகளாகத் தென்படும். பேருந்து சரியாகிப் பாலைவனத்துக்குப் போகும் வழி திறந்தபிறகு அங்கே ஒரு வியாபாரி இருப்பார். அவர் காசு வாங்க மாட்டார், பண்டமாற்றுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ஜேடுக்கு ஒரு படிக்கட்டு தருவார், எத்தனை வேண்டுமானாலும். படிக்கட்டை நீங்களே செய்தால் ஒன்றுக்கு 99 கல் செலவாகும். எண்பது படிக்கட்டுக்குக் கல் உடைக்கக் கிளம்பினால் ஒரு சீசனே போய்விடும்.

படிக்கட்டு எதற்கு இத்தனை? பாலைவனத்தில் இருக்கும் ஸ்கல் கேவர்ன் என்ற இன்னொரு சுரங்கத்துக்கு. அங்கே லிப்ட் கிடையாது, ஒவ்வொரு முறையும் முதல் தளத்திலிருந்துதான் தொடங்க வேண்டும், இரவு இரண்டு மணிக்குள் எவ்வளவு ஆழம் போகிறீர்களோ அவ்வளவுதான். ஆழம் கூடக் கூட, தங்கத்தையும்விட உயர்ந்த உலோகமான இரிடியம் கூடும். ஆனால் மேல் தளங்களில் இறங்கும் குழியைத் தேடிக் கல்லைக் கல்லாக உடைத்துக்கொண்டு, பறக்கும் பாம்புகளிடம் கடி வாங்கிக்கொண்டு பாதி நாள் வீணாகும். கையில் படிக்கட்டு இருந்தால் தளத்தில் கால் வைத்தவுடன் போட்டு அடுத்த தளத்துக்கு நழுவிவிடலாம். நான் மேலே உள்ள தளங்களைப் படிக்கட்டால் தாண்டிவிட்டு, கண்ணில் இரிடியம் கூட்டமாகப் படும் தளங்களில் மட்டும் நின்று வெடிகுண்டு வைப்பேன். மம்மிகள் சூழ்ந்த தளத்தில் சண்டை போடும் வீரமெல்லாம் எனக்கில்லை.

இத்தனை ஜேடுக்கு எங்கே போவது என்றால், கிரிஸ்டலேரியம். ஒரு ரத்தினத்தை உள்ளே வைத்தால் அதையே திரும்பத் திரும்ப உண்டாக்கித் தரும் இயந்திரம். மைனிங் 9-ம் லெவலில் செய்முறை கிடைக்கும்: 99 கல், 5 தங்கக் கட்டி, 2 இரிடியம் கட்டி, ஒரு பேட்டரி. கம்யூனிட்டி சென்டரின் வால்ட் அறையில் 25,000 கோல்டு பண்டிலுக்குப் பரிசாகவும் ஒன்று வரும். அந்த அறையை முடித்தால்தான் பேருந்தும் ஓடும் என்பதால் இரண்டும் பொருந்திப் போகின்றன. ஜேடுக்கு ஒரு நாளும் 16 மணி நேரமும், வைரத்துக்கு ஐந்து நாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் போய் எடுத்தால் பத்து இயந்திரம் வாரத்துக்கு முப்பது ஜேட் கொடுக்கும். முப்பது படிக்கட்டு!

வெறும் காசுதான் குறி என்றால் வைரத்தை வையுங்கள். நாளுக்கு 150 கோல்டு வீதம் வருகிறது, ஜேட் 120-தான். அடிக்கடி போய்ப் பார்க்கவும் வேண்டாம். உங்கள் நண்பன் இந்தக் கணக்கைத்தான் மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். ஆனால் ஸ்கல் கேவர்னின் ஆழத்திலிருந்து ஒரே நாளில் கொண்டுவரும் இரிடியத்துக்கு முன்னால் அந்த முப்பது கோல்டு வித்தியாசம் ஒன்றுமே இல்லை.

பிரிஸ்மாட்டிக் ஷார்டு 2,000 கோல்டு போகும். கிரிஸ்டலேரியத்தில் வைக்க முடியாது, ஆம்னி ஜியோடில் வரும் வாய்ப்பு 0.4 சதவீதம். முதலில் கிடைப்பதை எடுத்துக்கொண்டு பாலைவனத்தில் இருக்கும் மூன்று தூண்களுக்கு நடுவே போய் நில்லுங்கள், கேலக்ஸி வாள் கிடைக்கும். இரண்டாவது மியூசியத்துக்கு. அதற்கப்புறம் வருபவற்றை ஜிஞ்சர் தீவின் எரிமலை உலையில் கருவிகளுக்கும் ஆயுதங்களுக்கும் மந்திரம் ஏற்ற வைத்திருங்கள். அதே உலையில் மாணிக்கம் வாளின் அடியைக் கூட்டும், மரகதம் வேகத்தைக் கூட்டும். மந்திரவாதி வழியாகப் போய்ச் சேரும் சூனியக்காரி குடிசையில் ஒரு பீடம் உண்டு, அதில் ஒரு ஷார்டைக் கொடுத்தால் உங்கள் பிள்ளைகளைப் புறாவாக்கிப் பறக்கவிட்டுவிடும். அதற்கு ஒன்றை வீணாக்குவது உங்கள் இஷ்டம்.

ஊர்க்காரர்களுக்குப் பரிசு என்று வந்தால், எமிலிக்கு அமெதிஸ்ட், அக்வாமரின், மரகதம், ஜேட், மாணிக்கம், டோபாஸ் ஆறும் உயிர். அபிகெய்லுக்கு அமெதிஸ்ட்; கொடுத்தால் பசிக்குச் சரியாகக் கொண்டுவந்தாய் என்பதுபோலப் பேசுவாள். பிரிஸ்மாட்டிக் ஷார்டை எல்லோரும் விரும்புவார்கள், ஹேலியைத் தவிர.

கடைசியாக, மைனிங் லெவல் ஐந்தில் எந்தத் தொழில் வேண்டும், மைனரா ஜியாலஜிஸ்டா என்று கேட்கும். கல் பிடிக்கும் என்றால் ஜியாலஜிஸ்ட், ரத்தினங்கள் ஜோடியாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு. பத்தாம் லெவலில் ஜெமாலஜிஸ்ட் எடுத்தால் கனிமங்களின் விலை 30 சதவீதம் ஏறும், 750 வைரம் 975 ஆகும். மியூசியம் இன்னும் முடியவில்லை என்றால் ஜியோடு அதிகம் தரும் எக்ஸ்கவேட்டரை எடுத்துக்கொண்டு, முடித்தபிறகு சாக்கடையில் இருக்கும் சிலைக்கு 10,000 கோல்டு கட்டி மாற்றிக்கொள்ளலாம். நான் இப்போது அப்படித்தான் விளையாடிக்கொண்டிருக்கிறேன். எனக்கு இன்னும் ஹெல்வைட் வரவில்லை.