இருட்டறைக் கேள்வி-பதில்: வெள்ளை வேட்டியும் கறுத்த முகமும்

வீட்டு இருட்டறையில் கறுப்பு-வெள்ளை நெகட்டிவிலிருந்து படம் பிரிண்ட் போடுகிறவர்களிடமிருந்து இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதி ஒரே சிக்கலைப் பற்றியவை: உச்சி வெயில், வெள்ளைத் துணி, நம் ஊர் முகம். அதற்கு நடுவில் நீளமாகவே பதில் சொல்லியிருக்கிறேன். மற்றவை சுருக்கமாக.

பிரிண்ட் போட்டால் சரியாக வரவில்லை. என்ன செய்யலாம்? (தெலுக் இந்தான்)

எது சரியாக வரவில்லை? கறுத்துப் போகிறதா, வெளுத்துப் போகிறதா? என்ன பேப்பர், எந்த ஃபில்டர், எத்தனை செகண்டு வெளிச்சம்? ஒன்றுமே எழுதாமல் கேட்டால் நான் எதைச் சொல்வது? டெஸ்ட் ஸ்ட்ரிப் ஒன்று போட்டு (ஒரே பேப்பர்த் துண்டில் பகுதி பகுதியாகச் செகண்டைக் கூட்டி வெளிச்சம் கொடுத்துப் பார்ப்பது), பின்பக்கம் பென்சிலால் செகண்டுகளைக் குறித்து, கடிதத்தோடு வைத்து அனுப்புங்கள். டெஸ்ட் ஸ்ட்ரிப் இல்லாமல் கேள்வி அனுப்பாதீர்கள் என்று ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன்.

குழாய்த் தண்ணீரே 29, 30 டிகிரி. டெவலப்பர் மருந்தில் பேப்பரைப் போட்டதும் படம் சடாரென்று எழும்பிவிடுகிறது. கறுத்துவிடுமே என்று 25 செகண்டில் எடுத்துவிடுகிறேன். ஆனால் கறுப்பு கறுப்பாக இல்லை. (பீடோர்)

பாதியில் எடுத்தால் அப்படித்தான் இருக்கும், திட்டுத்திட்டாகவும் வரும். ஆர்சி பேப்பர் (பிளாஸ்டிக் பூசியது) என்றால் ஒரு நிமிடம், ஃபைபர் (பிளாஸ்டிக் பூசாத வெறும் தாள்) என்றால் இரண்டு நிமிடம் டிரேயிலேயே கிடக்கட்டும். கறுத்தால் என்லார்ஜரில் (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கிற விளக்குக் கருவி) செகண்டைக் குறையுங்கள். டெவலப்பர் டிரேயை அதைவிடப் பெரிய டிரேயில் வைத்து, சுற்றிலும் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் கொஞ்ச நேரத்துக்குச் சூடு அடங்கியிருக்கும். தெர்மாமீட்டரைப் பார்த்துப் பார்த்து ஐஸ் சேருங்கள். ஐஸ் கட்டியை நேரே மருந்தில் போடாதீர்கள், கரையக் கரைய மருந்து நீர்த்துவிடும்.

அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் வெள்ளை வேட்டியோடு நிற்கிற நெகட்டிவ் ஒன்றுதான் மிச்சம். முகம் தெரிந்தால் வேட்டி சுண்ணாம்புச் சுவர் மாதிரி ஆகிறது. வேட்டி மடிப்பு தெரிந்தால் முகம் கரியாகிறது. முகத்தைக் கொஞ்சம் 'கலராக', அதாவது வெளுப்பாக, கொண்டுவர வழி உண்டா? (கூலிம்)

இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். முதலாவதற்கு வழி சொல்கிறேன். இரண்டாவதைச் செய்யாதீர்கள்.

மல்டிகிரேடு பேப்பர்தானே வைத்திருக்கிறீர்கள்? அதில் ஃபில்டரை மாற்றினால் கான்ட்ராஸ்ட், அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசம், மாறும்: 0 ஃபில்டரில் குறைவு, 5 ஃபில்டரில் அதிகம். 2-ஆம் கிரேடிலேயே முட்டிக்கொண்டிருக்காமல் எக்ஸ்போஷரை (பேப்பருக்கு வெளிச்சம் கொடுக்கிறதை) இரண்டாகப் பிரியுங்கள். முதலில் 0 ஃபில்டர். வேட்டி விழுகிற இடத்தில் டெஸ்ட் ஸ்ட்ரிப்: 4, 8, 12, 16 செகண்டு. மடிப்பு லேசாகத் தெரிய ஆரம்பிக்கிற செகண்டே போதும். அது 10 என்று வைத்துக்கொள்வோம். அடுத்த துண்டு முழுவதற்கும் அந்த 10-ஐக் கொடுத்துவிட்டு, அதன் மேலேயே 5 ஃபில்டரில் இன்னொரு ஸ்ட்ரிப், இந்த முறை முகமும் வாசல் இருட்டும் சேர்ந்து வருகிற இடத்தில். உள்ளே இருக்கும் இருட்டு முழுக் கறுப்பாக விழ வேண்டும், கன்ன எலும்பும் கண்ணும் தனித்தனியே தெரிய வேண்டும். சுமார் 5, 6 செகண்டில் அது கிடைக்கலாம்.

அப்புறம் முழுத் தாளுக்கும் இதே இரண்டு எக்ஸ்போஷர். 5 ஃபில்டர் ஓடும்போது மட்டும், கம்பி முனையில் ஒட்டிய அட்டைத் துண்டை முகத்துக்கு மேல் ஆட்டிக்கொண்டே 1 செகண்டு மறையுங்கள் (இதுதான் டாட்ஜ்), மிஞ்சிப்போனால் ஒன்றரை. வேட்டி இன்னும் வெளுத்திருந்தால், ஓட்டை போட்ட அட்டை வழியாக அந்த இடத்துக்கு மட்டும் 0 ஃபில்டரில் இன்னொரு 8, 10 செகண்டு வெளிச்சம் கொடுத்துப் பர்ன் செய்யுங்கள். அட்டையை ஆட்டாமல் பிடித்தால் ஓரம் கோடாக விழும்.

இனி 'கலர்'. இதைப் பற்றி எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு ஆறாது. நான் சின்னப் பையனாக இருந்தபோது அம்மாவை டவுனில் ஒரு ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போய்ப் படம் எடுத்தோம். வந்த பிரிண்டில் முகத்தை மாவு அப்பியது போல் வெளுக்க வைத்திருந்தார்கள். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். புருவத்துக்கு மேலே இருந்த தழும்பையும் காணோம், வெளுப்பில் மூக்குத்தியும் கரைந்து போயிருந்தது. "இது யாரு?" என்று அம்மா கேட்டார். கடைசி வரை அதைச் சுவரில் மாட்ட விடவில்லை. நான் பிரிண்ட் போடக் கற்றுக்கொண்ட பிறகு நெகட்டிவைத் தேடிப் போனேன். தூக்கிப் போட்டாயிற்று என்றார்கள். அம்மாவின் முகம் இருந்தபடியே ஒரு படம் எங்கள் வீட்டில் கிடையாது.

கறுத்த முகத்தை எழுப்பிக் காட்டுவது நெற்றி, மூக்குத் தண்டு, கன்ன எலும்பு இந்த மூன்று இடத்திலும் விழுகிற பளபளப்பு. வியர்வையோடு வாசலில் நின்றவருக்கு அது இன்னும் நன்றாக விழுந்திருக்கும். அந்தப் பளபளப்பு வெளிர்சாம்பலாக வந்துவிட்டால், மற்ற இடம் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் ஆளைத் தெளிவாகத் தெரியும். 3, 4 செகண்டு டாட்ஜ் செய்தீர்களானால் பளபளப்பும் கன்னமும் ஒன்றாகி, திருநீறு தூவிய மாதிரி முகம் தட்டையாகிவிடும், தலையைச் சுற்றி வெள்ளை வட்டமும் தெரியும். லூப்பை (சின்னப் பூதக்கண்ணாடி) வைத்து நெகட்டிவைப் பாருங்கள். காது மடலும் கழுத்து நரம்பும் அதில் தெரிந்தால் பேப்பரிலும் வரும். வெயிலிலும் மரத்தடியிலும் நின்று உங்களை வளர்த்த மனிதர். அவர் நிறத்தோடேயே அவரை மாட்டுங்கள்.

ஸ்டாப் பாத்துக்கு (டெவலப்பரின் வேலையை நிறுத்துகிற புளிப்புத் தண்ணீர்) தோட்டத்து ஸ்டோரில் இருக்கும் ரப்பர்ப் பால் உறைய வைக்கிற ஆசிட்டைக் கலக்கலாமா? (சுங்கை சிப்புட்)

கூடாது. அது ஃபார்மிக் ஆசிட். கேனில் வருவது 85, 90 விழுக்காடு இருக்கும். பட்டால் தோல் வெந்துவிடும். ஜன்னல் அடைத்த அறையில் ஆவி கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் சிட்ரிக் ஆசிட் போதும், கேக் சாமான் விற்கிற கடையில் கேளுங்கள். இல்லையா, சமையல் வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு.

ஒரே நெகட்டிவ், ஒரே செகண்டு. மாலையில் போட்டது வெளிறியிருக்கிறது, நள்ளிரவில் போட்டது சரியாக வருகிறது. (தாப்பா)

கரண்ட்தான். மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கும் ஏர்கோனும் ஓடும், வோல்டேஜ் இறங்கும். 5 விழுக்காடு இறங்கினாலே என்லார்ஜர் பல்பின் வெளிச்சம் சுமார் 15 விழுக்காடு குறையும், பல்பு மஞ்சளாவதால் கான்ட்ராஸ்டும் கொஞ்சம் இறங்கும். ஸ்டெபிலைசர் வாங்குங்கள். அதுவரை நள்ளிரவே நல்லது. பிரிட்ஜ் 'டக்'கென்று ஓட ஆரம்பிக்கிற நேரத்தில் பட்டனை அழுத்தாதீர்கள்.

சாமி மேடைச் சிவப்பு பல்பு சேஃப்லைட்டுக்கு (பேப்பரைக் கெடுக்காத இருட்டறை விளக்கு) ஆகுமா? (கோல சிலாங்கூர்)

என்னைக் கேட்பதைவிடக் காசைக் கேளுங்கள். முழு இருட்டில் பேப்பருக்கு லேசான சாம்பல் வருகிற அளவு வெளிச்சம் கொடுத்து, அதன் மேல் 20 சென் காசை வைத்து, சிவப்பு பல்பைப் போட்டு 5 நிமிடம் விடுங்கள். காசை எடுத்துவிட்டு, பல்பை அணைத்து டெவலப் செய்யுங்கள். காசு இருந்த வட்டம் தெரிந்தால் அந்த பல்பு சாமிக்கு மட்டும்.

நெகட்டிவில் கீறல். பிரிண்டில் வெள்ளைக் கோடாக வருகிறது. (ரவாங்)

வெள்ளைக் கோடு என்றால் பெரும்பாலும் பளபளப்பான பின்பக்கக் கீறல். மூக்கோரத்து எண்ணெயை விரலில் தொட்டு அந்தக் கோட்டில் மட்டும் தடவி பிரிண்ட் போடுங்கள். பிறகு துடைத்துவிடுங்கள். கறுப்புக் கோடு என்றால் எமல்ஷனே (படம் இருக்கிற பூச்சே) போயிற்று, எண்ணெய் உதவாது.

தாத்தா காலத்து நெகட்டிவ், பிஸ்கட் டின்னில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. கழுவலாமா? (சிம்பாங் லீமா)

தண்ணீரைக் காட்டவே காட்டாதீர்கள். பூஞ்சணம் தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும், படமும் அதோடு போய்விடும். 99 விழுக்காடு ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, முதலில் ஓரத்தில் சோதித்துவிட்டு மெல்லத் துடையுங்கள். பிறகு காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல். நம் ஊர் ஈரத்தில் வேறு வழியில்லை.

ஆறு மாதத்துக்கு முன் போட்ட பிரிண்ட் ஓரமெல்லாம் பழுப்பாகிறது. (கம்பார்)

ஹைப்போ! படத்தை நிலைக்க வைக்கிற அந்த மருந்து தீர்ந்திருந்தாலும், பேப்பரில் அது அலசாமல் தங்கினாலும் இப்படித்தான் ஆகும். போன தடவையும் இதையேதான் எழுதினேன். புதிதாகக் கலந்ததும் ஒரு துண்டு ஃபிலிமைப் போட்டு எத்தனை செகண்டில் தெளிகிறது என்று பாட்டிலிலேயே எழுதி ஒட்டுங்கள். அந்த நேரம் இரண்டு மடங்கானால் அந்த ஹைப்போ தீர்ந்தது. ஃபைபர் பேப்பரை ஒரு மணி நேரம் ஓடுகிற தண்ணீரில் அலசுங்கள்.

டிரேயில் அருமையாக இருந்த பிரிண்ட் காலையில் பார்த்தால் மங்கலாக இருக்கிறது. (ஈப்போ)

ஃபைபர் பேப்பர் காய்ந்தால் கறுக்கும். எக்ஸ்போஷரில் 8, 10 விழுக்காட்டைக் கழித்து, நேற்று போட்டதற்குப் பக்கத்தில் காய வைத்துப் பாருங்கள்.