"அப்பவே ஏன் கத்தல?" நடிகர் மீது புகார் வந்தால் எழும் இந்தக் கேள்விக்கு என்ன பதில்?

பிரபல நடிகர் மீது பாலியல் புகார் வந்தால், ராயபுரம் டீக்கடையிலும் இதே கேள்விதான். கத்த முடியாமல் போவதை உறைநிலை என்கிறோம். பேராபத்தில் உடல் எதிர்க்கும், ஓடும், அல்லது உறையும். யோசித்து எடுக்கும் முடிவல்ல, அனிச்சைச் செயல். உறைந்தால் கைகால் விறைக்கும், குரல் எழும்பாது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி திடீரென்று எதிரே வந்தால் சிலர் நடுரோட்டிலேயே நின்றுவிடுவார்களே, அதேதான்.

நினைவும் துண்டு துண்டாகப் பதியலாம். வாசனை துல்லியமாக இருக்கலாம், நேரமும் வரிசையும் குழம்பலாம். அதை வைத்தே பொய் என்று முடிவுகட்டுவது அவசரம். (உண்மையா என்பதை விசாரணை பார்க்கட்டும், அது வேறு.) மறுநாள் அத்துமீறியவரிடமே சிரித்துப் பேசியவர்களும் உண்டு. வாய்ப்பும் சம்பளமும் அவர் கையில் இருந்தால் வேறென்ன செய்வது?

நடந்தது பாலியல் வன்கொடுமை என்றால், முடிந்தவரை குளிக்காமல் மருத்துவமனைக்குப் போகவும். உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் வைக்கவும். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கித் தடயம் கெடும். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் முதல் சிகிச்சை இலவசம், அதற்கு எஃப்ஐஆர் (காவல்துறையின் முதல் தகவல் அறிக்கை) தேவையில்லை. சம்பவம் வேறு ஊரில் நடந்திருந்தாலும் தண்டையார்பேட்டை காவல் நிலையத்திலேயே புகார் தரலாம். இதுதான் ஜீரோ எஃப்ஐஆர். உதவிக்கு, பெண்கள் உதவி எண் 181.

தாமதமாகச் சொன்னால் வழக்கே போட முடியாது என்பது தவறு: பாலியல் வன்கொடுமைப் புகாருக்குச் சட்டத்தில் காலக்கெடு கிடையாது.