சுவரில் போல்ட் அப்படியே இருந்தது, தலைதான் கீழே கிடந்தது

கேள்வி இதுதான்: “பரம்பரையாக வந்த, பாடம் செய்த காட்டெருமைத் தலை ஒன்று எங்களிடம் இருக்கிறது. நாற்பது கிலோ பக்கம் வரும். கொம்பு கூர்மையானது, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். சுவரில் மாட்டினால் விழாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?”

இதே மாதிரி ஒன்று என் வீட்டில் விழுந்திருக்கிறது. பெரியப்பாவிடமிருந்து வந்த தலை. எடை 38 கிலோ. நானும் உங்களைப் போலச் சுவரைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். செங்கல் வரை துளை போட்டு, தடியான போல்ட் ஒன்றை இறக்கி, அதில் நானே தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டினேன். பதினோரு மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் நடுராத்திரி பீரோ சாய்ந்ததுபோல ஒரு சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் தலை தரையில் கிடக்கிறது, ஒரு கொம்பு சோபாவின் மெத்தைக்குள் ஏறியிருக்கிறது. போல்ட் மட்டும் சுவரில் அசையாமல் நிற்கிறது. அதில் தலையின் பின்னால் இருந்த கொக்கியும் பத்திரமாகத் தொங்குகிறது. கொக்கியில் இரண்டு ஸ்க்ரூ, ஸ்க்ரூவின் மரையில் கொஞ்சம் மரத்தூள். ஸ்க்ரூவின் நீளத்தை அளந்தேன், 20 மில்லிமீட்டர்.

அன்றைக்கு எனக்கு உறைத்தது இது. சுவர் விட்டுக்கொடுத்து விழுவது ஒரு வகை. தலையின் பின்பக்கமே விட்டுக்கொடுத்து விழுவது இன்னொரு வகை. எல்லோரும் முதல் வகைக்கு மட்டும்தான் தயாராகிறோம். அதனால் டிரில்லை எடுப்பதற்கு முன்னால், தலையைக் குப்புறத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள்.

சுவரில் மாட்டும் தலைகளில் பெரும்பாலும் இரண்டு பலகைகள் இருக்கும். நம் கண்ணுக்குத் தெரிவது கேடயம் போன்ற அலங்காரப் பலகை. அதற்கு முன்னால், கழுத்துத் தோலை மடக்கி ஆணி அடித்திருக்கும் உள்பலகை ஒன்று உண்டு. பாரத்தைத் தாங்குவது அந்தக் கழுத்துப் பலகைதான். கொக்கி அலங்காரப் பலகையில் மட்டும் இருந்தால், அந்த இரண்டு பலகைகளையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பழைய ஸ்க்ரூக்களை நம்பித்தான் முழுத் தலையும் தொங்குகிறது என்று அர்த்தம். அவை எந்தக் காலத்தில் போட்டவையோ. பலகையில் ஊசி முனை அளவு துளைகளும் மாவு போன்ற தூளும் தெரிந்தால் வண்டு அரித்திருக்கிறது. நகத்தால் அழுத்தினால் உள்ளே போகிற பலகையில் எந்த ஸ்க்ரூவும் நிற்காது, அந்தப் பலகையை மாற்றத்தான் வேண்டும். இப்போது செய்கிற தலைகளில் உள்ளே பாலியூரிதேன் நுரை வார்ப்பு இருக்கிறது. எடை குறைவுதான், ஆனால் நுரையில் ஸ்க்ரூ பிடிக்காது, மரத்தில்தான் பிடிக்க வேண்டும். பழையவற்றில் மரக்கட்டை, கம்பி, பிளாஸ்டர், காகிதக்கூழ் என்று என்னென்னவோ இருக்கும். கனமும் அதனால்தான்.

அடுத்து கணக்கு. பயப்பட வேண்டாம், ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல்.

ஒரு படத்தை மாட்டினால் அதன் பாரம் நேராகக் கீழே இறங்கும். தலை அப்படி இல்லை. முகமும் கொம்பும் சுவரை விட்டு முன்னால் நீட்டிக்கொண்டு இருப்பதால், பலகையின் அடிவிளிம்பு சுவரில் ஊன்றிக்கொள்ள, மேல்பக்கம் கொக்கியை வெளியே இழுக்கும். கடப்பாரையால் கல்லைக் கிளப்புகிற அதே வேலைதான். என் தலையில் எடையின் மையம் சுவரிலிருந்து 35 சென்டிமீட்டர் தள்ளி இருந்தது. கொக்கியோ பலகையின் நடுவில், அடிவிளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில். 38ஐ 35ஆல் பெருக்கி 30ஆல் வகுத்தால் 44 வரும். அதாவது தலையின் மொத்த எடையைவிட அதிகமான ஒரு இழுப்பு, அரித்துப்போன மரத்தில் போட்ட இரண்டு குட்டி ஸ்க்ரூக்களை இராப்பகலாக வெளியே பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறது. பதினோரு மாதம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம். பிறகு பிடிமானத்தை 50 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏற்றினேன். அதே தலை, அதே சுவர், இழுப்பு 27 கிலோவுக்கு இறங்கிவிட்டது. காசு செலவில்லாமல் கிடைக்கிற பாதுகாப்பு இது ஒன்றுதான்: பிடிமானம் எவ்வளவு மேலே முடியுமோ அவ்வளவு மேலே, பலகையின் அடிவிளிம்பு எவ்வளவு கீழே முடியுமோ அவ்வளவு கீழே.

எடையைப் பார்க்க, தலையைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள். மையத்தைக் கண்டுபிடிக்க, தரையில் ஒரு உருட்டுக்கட்டையை வைத்து அதன்மேல் போர்வையை மடித்துப் போட்டு, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். எங்கே இரண்டு பக்கமும் சாயாமல் நிற்கிறதோ அதுதான் மையம். அங்கிருந்து பலகையின் பின்பக்கம் வரை டேப் பிடித்தால் போதும். இரண்டு பேர் வேண்டும். கொம்பைப் பிடித்து மட்டும் தூக்காதீர்கள். எருமை, மாடு வகைக் கொம்பு என்பது எலும்பின்மேல் ஏறியிருக்கும் ஒரு உறை, பாடம் செய்யும்போது ஒட்டியிருப்பார்கள், பழசானால் கையோடு கழன்று வந்துவிடும். மான் கொம்பென்றால் மண்டையோட்டின் ஒரு துண்டோடு சேர்த்து உள்ளே ஸ்க்ரூ போட்டிருப்பார்கள், அதுவும் கைப்பிடியாகப் பயன்படுத்துவதற்கு அல்ல. நாங்கள் தூக்கும்போது பழைய டென்னிஸ் பந்து இரண்டைக் கீறிக் கொம்பு நுனிகளில் செருகிக்கொண்டோம். பார்க்கச் சிரிப்பாக இருந்தது, ஆனால் யார் கண்ணும் போகவில்லை.

சரி, இப்போது எப்படி மாட்டுவது? ஒற்றைக் கொக்கி வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஒரே புள்ளியில் தொங்கினால் யாராவது கொம்பில் இடிக்கும்போது தலை வண்டிச் சக்கரம்போலச் சுழலும், ஒவ்வொரு தடவையும் ஸ்க்ரூ கொஞ்சம் தளரும். நான் இப்போது வைத்திருப்பது சாய்வாக அறுத்த இரட்டைப் பட்டை. 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஒரு நீளப் பட்டையை எடுத்து, நடுவில் நீளவாக்கில் 45 டிகிரி சாய்வில் அறுக்கச் சொல்லுங்கள். எந்தத் தச்சரும் செய்துவிடுவார். ஒரு பாதி சுவருக்கு, மறுபாதி தலைக்கு. சுவர்ப் பட்டையின் மேல்விளிம்பு அறைப்பக்கம் உயர்ந்தும் சுவர்ப்பக்கம் தாழ்ந்தும் இருக்க வேண்டும். அப்போது பட்டைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பள்ளம் கிடைக்கும். தலையில் இருக்கும் பட்டையின் நாக்கு அந்தப் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். பாரம் கூடக் கூட இறுகும். பலகையின் அடியில் அதே 18 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு துண்டு வைக்காவிட்டால் தலை கீழ்நோக்கிக் குனிந்து நிற்கும், அதை மறக்காதீர்கள். தலைப்பக்கப் பட்டையை ஆறு ஸ்க்ரூவால், அலங்காரப் பலகையைத் தாண்டிக் கழுத்துப் பலகை வரை போகிற நீளத்தில், முறுக்கினேன். தோலைத் துளைத்து வெளியே வரக் கூடாது என்பதால் முதலில் இரண்டு பலகைகளின் கனத்தையும் அளந்துகொண்டேன்.

இந்தப் பட்டை முறையில் ஒரு ஓட்டை உண்டு. கீழிருந்து மேலே தள்ளினால் கழன்றுவிடும். ஒட்டடைக் கம்பை வைத்துத் தாடைக்குக் கீழே சுத்தம் செய்கிறவர் ஒரு தட்டுத் தட்டினால் போதும். அதனால் மாட்டி முடித்தபின் அடிப்பக்கம் ஒரு சின்ன எல் வடிவத் தகட்டைப் போட்டுப் பலகையைச் சுவரோடு பூட்டிவிடுங்கள்.

சுவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். துளை போடும்போது தூளின் நிறத்தைக் கவனியுங்கள். செங்கல் சுவரில் முதலில் சாம்பல் தூள் கொட்டும், அது சிமென்ட் பூச்சு. அதற்குப் பிறகு செம்மண் நிறத்தில் தூள் வரும், அப்போதுதான் செங்கலைத் தொட்டிருக்கிறீர்கள். என் சுவரில் பூச்சு மட்டும் 20 மில்லிமீட்டர். பிளக் (ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளத் துளைக்குள் செருகும் குழல்) முழுக்க முழுக்கச் சிவப்புக்குள் இருக்க வேண்டும், பூச்சில் இருக்கிற நீளம் கணக்கில் சேராது. அதனால் 18 மில்லிமீட்டர் பட்டையையும் சேர்த்து 100 மில்லிமீட்டர் ஸ்க்ரூ தேவைப்பட்டது. துளைக்குள் தங்கும் தூளை ஊதி வெளியே எடுக்காமல் பிளக்கை அடித்தால் பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். கண்ணாடி போட்டுக்கொண்டு ஊதுங்கள், நான் போடாமல் ஊதி ஒரு நாள் முழுக்கக் கண் சிவந்து திரிந்தேன். செங்கலுக்கு நைலான் பிளக் போதும். விரிந்து பிடிக்கிற இரும்பு ஆங்கர் போல்ட் கான்கிரீட்டுக்கு ஏற்றது, செங்கலின் ஓரத்தில் போட்டு முறுக்கினால் செங்கலே பிளந்துவிடும். டிரில் திடீரென்று பொசுக்கென்று உள்ளே போனால் அது உள்ளே வெற்றிடம் இருக்கிற கல். அங்கே சாதாரண பிளக் வேலைக்கு ஆகாது, வலைக்குழாய் செருகி ரசாயனப் பசையை நிரப்பும் முறைதான் சரி. பாக்கெட்டில் போட்டிருக்கும் கிலோக் கணக்கு பெரும்பாலும் நல்ல கான்கிரீட்டில் சோதித்தது. நம் பழைய சுவருக்கு அதில் கால்வாசியைத்தான் நான் நம்புவேன். ஜிப்சம் போர்டு தடுப்பென்றால், உள்ளே 40 அல்லது 60 சென்டிமீட்டர் இடைவெளியில் நிற்கும் மரச்சட்டங்களைத் தேடி, இரண்டு சட்டங்களிலாவது பட்டை பிடிக்கும்படி போடுங்கள். சட்டம் மெல்லிய தகரமாக இருந்தால், நாற்பது கிலோவை அதில் மாட்டவே மாட்டேன். சுவிட்சுக்கு நேர் மேலேயும் பக்கவாட்டிலும் துளை போடாதீர்கள், ஒயர் ஓடும்.

இடத்தைப் பொறுத்தவரை, கட்டில், சோபா, கதவு இவற்றுக்கு மேலே கூடாது. கதவு அறைந்து சாத்துகிற ஒவ்வொரு தடவையும் சுவர் அதிரும். கொம்பின் தாழ்ந்த நுனியும் மூக்கும் இரண்டு மீட்டருக்கு மேலே இருக்கட்டும், அதற்குக் கீழே யாரும் நடக்க முடியாதபடி ஒரு தாழ்வான அலமாரியைப் போடுங்கள். அலமாரியில் பிள்ளைகள் ஏறுவார்களா என்று கேட்டால், ஏறுவார்கள். அதனால் ஏற முடியாத மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வெயில் நேராக விழும் சுவரில் முடியின் நிறம் வெளுக்கும். ஈரம் ஏறி இறங்கும் சுவரில் தோல் ஊறிச் சுருங்கி, கண்ணோரமும் உதடும் வெடிக்கும், ஸ்க்ரூவும் துருப்பிடிக்கும். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி நிலையாக இருக்கிற உட்சுவர்தான் நல்லது.

பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொன்னதால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பாடம் செய்த பழைய தலைகளில் ஆர்செனிக் என்ற விஷம் இருக்கலாம். 18ஆம் நூற்றாண்டில் பெக்கூர் என்ற பிரெஞ்சுக்காரர் பூச்சி அரிக்காமல் இருக்க ஆர்செனிக் கலந்த சோப்பு ஒன்றைத் தயாரித்தார். அந்த வழக்கம் 20ஆம் நூற்றாண்டிலும் வெகுகாலம் தொடர்ந்தது. என் தலை விழுந்த ராத்திரி, உதிர்ந்த முடியையும் வெள்ளைத் தூளையும் வெறுங்கையால் கூட்டி அள்ளினேன், முட்டாள்தனம். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, கூட்டாமல், ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, துணியோடு கட்டிப் போட்டுவிட வேண்டும். தடவிக் கொடுப்பது, முத்தம் கொடுப்பது எல்லாம் வேண்டாம். பிள்ளைகளுக்கு எட்டாத உயரம் என்பது விழுவதற்கு மட்டுமல்ல, இதற்கும்தான்.

முழு உருவமாக நிற்கிற பாடம் இருந்தால் சுவரே வேண்டாம். அகலமான பீடத்தில் நிறுத்தி, பீடத்தின் அடியில் பாரம் வைத்து, மேல்பகுதியைப் பட்டையால் சுவரோடு கட்டிவிட்டால் முடிந்தது.

மாட்டிய பிறகு நான் ஒரு வேலை செய்தேன். அலங்காரப் பலகையின் மேல்விளிம்பை ஒட்டியே சுவரில் மெல்லிசாக ஒரு பென்சில் கோடு போட்டேன். பலகை ஒரு மில்லிமீட்டர் இறங்கினாலும் கோட்டுக்கும் பலகைக்கும் நடுவில் சந்து தெரியும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஏணி போட்டு ஏறி, டார்ச் அடித்துக் கோட்டைப் பார்ப்பேன், அப்புறம் பலகைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு அஞ்சலட்டையைச் செருகிப் பார்ப்பேன். முன்பு போனதைவிட ஆழமாகப் போனால் மேல்பக்கம் வெளியே வருகிறது என்று அர்த்தம், அன்றைக்கே இறக்கிவிட வேண்டும். போன தடவை அட்டை பழைய அளவுக்குத்தான் போனது. அலமாரிமேல் மட்டும் கொஞ்சம் முடியும், மணல்போல ஏதோ துகளும் உதிர்ந்து கிடந்தன. அது பூச்சியின் வேலை, மாட்டுவதில் இருக்கும் கோளாறு இல்லை. அதைத் தனிக் கேள்வியாகக் கேட்டால் விவரமாக எழுதுகிறேன்.