நாற்பதாம் நாள்

அன்புள்ள அண்ணா,

போன மாதம் ஒரு பெண்ணுடன் உறவு வைத்துக்கொண்டேன். ஆணுறை நடுவில் கிழிந்துவிட்டது. இன்றோடு 40 நாள். இதுவரை நான்கு முறை விரலில் குத்தி எச்.ஐ.வி. பரிசோதனை செய்தேன். நான்கிலும் நெகட்டிவ். நம்ப முடியவில்லை. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, உடம்பு சுடுகிறது. தையில் எனக்குக் கல்யாணம். கட்டிக்கொள்ளப் போகிறவளுக்குத் துரோகம் செய்துவிட்டேன். தூக்கமே இல்லை.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

உன் நீண்ட கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் கிருமியைப் பற்றி எழுதியதைவிடத் துரோகத்தைப் பற்றி எழுதியதுதான் அதிகம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் ரத்தம். விரலில் குத்தும் பரிசோதனை, கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. அது தென்பட மூன்று மாதம் வரை ஆகலாம். அதனால் உன் நான்கு நெகட்டிவும் நல்ல சேதி, ஆனால் முடிவான சேதி இல்லை. 45ஆம் நாள் லேபில் நரம்பிலிருந்து ரத்தம் கொடுத்து 'நான்காம் தலைமுறை' பரிசோதனை செய். அது கிருமியின் புரதத்தையும் சேர்த்துத் தேடுவதால், தொற்று இருந்தால் அநேகமாக அதற்குள் காட்டிவிடும். 90ஆம் நாள் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் ஒருமுறை பார். இலவசம். ஆலோசகர் இருப்பார். உன் முடிவை வெளியே சொல்லக்கூடாது என்று 2017ஆம் வருடச் சட்டமே இருக்கிறது. அதோடு நிறுத்திக்கொள். நடுவில் ஒன்று கூட வேண்டாம்.

அந்தப் பெண்ணுக்குத் தொற்று இருந்திருந்தால்கூட, ஆணுறை இல்லாத ஒருமுறை யோனி உறவில் ஆணுக்குத் தொற்ற வாய்ப்பு 10,000இல் ஏறக்குறைய 4தான். கழுத்தை நாளெல்லாம் அமுக்கிப் பார்த்தால் யாருக்கும் வலிக்கும். அறிகுறியை வைத்து எச்.ஐ.வி.யைச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: ஆணுறை கிழிந்தால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போங்கள். தொற்றாமல் தடுக்க 28 நாள் மாத்திரை இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டுபிடித்தபோது கொடுக்க மருந்தே இல்லை. இன்று தினசரி மாத்திரை இலவசம். ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உறவின் மூலம் துணைக்குத் தொற்றுவதில்லை. உன் பயம் அந்தப் பழைய காலத்துப் பயம்.

சரி, துரோகம். ஐந்தாவது பரிசோதனையும் நெகட்டிவ் வந்தால் ஆறாவதுக்குப் போவாய் என்றே தோன்றுகிறது. நீ தேடுவது தண்டனையை, தம்பி. அது லேபில் கிடைக்காது. அவளிடம் சொல்வதா வேண்டாமா என்பதை இந்தத் தூக்கமில்லாத ராத்திரிகளில் முடிவு செய்யாதே. கல்யாணத்துக்கு முன் 90ஆம் நாள் முடிவு கையில் இருக்கட்டும், அது அவளுக்கு நீ பட்ட கடன். அதுவரை தாங்கவில்லை என்றால் எச்.ஐ.வி. உதவி எண் 1097க்குப் போன் செய், கட்டணம் இல்லை.

இன்னும் ஐந்து நாள். காலையில் சாப்பிட்டுவிட்டே போகலாம். முடிவு வந்ததும் எனக்கு எழுது.